சுவரில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கு

எங்கள் வீட்டுக் கூடத்தில், அப்பாவின் மர நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஒரு எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது. உள்ளங்கை அகலம் இருக்கும். பதினோரு வருடமாக ஒரே இடத்தில் தலையைச் சாய்த்துப் பேப்பர் படித்ததில் படிந்தது. தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்காமல் அப்பா கூடத்துக்கே வரமாட்டார். விருந்தாளி வருகிறார்கள் என்றால் என் மனைவி அதன்மேல் ஒரு காலண்டரை மாட்டுவாள். அவர்கள் போனதும் அப்பா அதைக் கழற்றிக் கட்டிலடியில் வைத்துவிட்டு மறுபடி சாய்ந்துகொள்வார். போன வருடம் பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்குப் பெயின்ட் அடித்தபோது ஊருக்கு ஆயிரம் காரணம் சொன்னோம். சுவரில் ஓதம், பண்டிகை, மனைவியின் தம்பிக்குப் பெண் வீட்டார் வரப்போகிறார்கள். உண்மையில் அந்தப் பிசுக்குதான் காரணம். அதை அழித்தோம், எங்கள் நாய்க்கு வீடு தொலைந்துபோனது. இப்படிச் சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். சரி, எழுதியாவது பார்ப்போம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நாயின் பெயர் சுக்கு. லாப்ரடார். குட்டியாக வந்தபோது காய்ந்த சுக்கு நிறத்தில், அதே மாதிரி முண்டும் முடிச்சுமாக இருந்ததால் அப்பா வைத்த பெயர். ‘அது’ என்று எழுதச் சொல்கிறது இலக்கணம். வீட்டில் யாரும் அவளை அப்படிச் சொன்னதில்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை. பெங்களூர் அல்சூரில், ஏரியிலிருந்து இரண்டு தெரு தள்ளி, இரண்டாவது மாடியில் குடியிருக்கிறோம். கீழே தெருவில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதுவும் கலந்து ஓடும். சுக்குவுக்கு ‘வா’ என்றாலும் புரியும், கன்னடத்தில் ‘பா’ என்றாலும் புரியும். இரண்டு மொழியிலும் வராமல் இருக்கவும் தெரியும்.

நாலாயிரம் அடி

காலையில் அவளை வெளியே கூட்டிப்போவது என் பொறுப்பு. ஆறரைக்குக் கிளம்பி ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலை வரை போய்த் திரும்பினால் கைபேசியில் நாலாயிரம் அடி தேறும். அப்புறம் குளியல், எட்டேகால் ஆபீஸ் பஸ். பதினெட்டு வருடம் மூடியே கிடந்து 2009இல் திறக்கப்பட்ட சிலை அது. வள்ளுவருக்கு இருந்த பொறுமையில் கால்வாசி எனக்கு இருந்ததில்லை. கேட்டைத் தாண்டினால் முதல் மின்கம்பம் வருவதற்குள் சுக்கு பத்துத் தடவை நிற்பாள். கார் சக்கரம், சாக்கடை மூடி, இட்லிக் கடைக்காரர் தண்ணீர் தெளித்த இடம், யாரோ திருஷ்டி சுற்றி எலுமிச்சம்பழம் போட்ட முக்கு. நான் கயிற்றை இழுப்பேன். ‘வா, வா, நேரமாச்சு.’ ஒரு நாளைக்கு இருபது இழுப்பு என்று வைத்தாலும் எட்டு வருடத்தில் ஐம்பதாயிரத்தைத் தாண்டும்.

அதிலும் அவளுடைய ஒரு பழக்கம் எனக்கு ரொம்ப எரிச்சல். தரையை முகர்ந்தபடி நாலடி முன்னால் போவாள், நின்று, திரும்பி, வந்த வழியே நாலடி வருவாள், மறுபடி முன்னால். ‘எந்தப் பக்கம்னு முடிவு பண்ணித் தொலையேன்’ என்று நடுத்தெருவில் நான் கத்தியதை மேல்வீட்டுக்காரர் இன்னமும் நடித்துக் காட்டுவார். அவள் முடிவுதான் பண்ணிக்கொண்டிருந்தாள் என்பது ரொம்பப் பின்னால் படித்துத் தெரிந்தது. ஒரு ஆள் நடந்துபோன தடத்தின் குறுக்கே கொண்டுபோய் விட்டால், அவர் எந்தத் திசையில் போனார் என்று நாய்க்கு எப்படித் தெரிகிறது? 1993இல் நார்வேயில் பயிற்சி பெற்ற மோப்ப நாய்களை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். சில காலடித் தடங்களை முகர்ந்து, 3 முதல் 5 விநாடிக்குள் அவை திசையைச் சொல்லிவிட்டன. 2005இல் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் பல்கலைக்கழகத்தில், 21 காலடித் தடத்திலிருந்து 3 தடம் வரை குறைத்துக்கொண்டே வந்தார்கள். 5 தடம் இருந்தால் போதும், நாய் சொல்லிவிடுகிறது, 3 போதவில்லை. நடக்கிற ஆளுக்கு ஐந்தடி எடுத்துவைக்க எவ்வளவு நேரம் ஆகும்? இரண்டு, மிஞ்சினால் மூன்று விநாடி. முதல் தடத்துக்கும் ஐந்தாவது தடத்துக்கும் வயது வித்தியாசம் அவ்வளவுதான். சுக்கு பயிற்சி எடுத்தவள் இல்லை. ஆனாலும் முன்னும் பின்னும் போய்வந்து அவள் பார்த்தது அந்த வித்தியாசத்தைத்தான் என்று இப்போது நினைக்கிறேன். நான் ஐந்தாவது தடத்துக்கு முன்னாலேயே கயிற்றை இழுத்திருக்கிறேன்.

அந்த மூக்கின் அமைப்பே வேறு. முகரும்போது விநாடிக்கு 5 தடவை மாதிரி காற்றை இழுத்து விடுகிறாள். விடுகிற மூச்சு மூக்கின் பக்கவாட்டில் உள்ள பிளவு வழியாகப் பின்பக்கமாகப் போய்விடும். முன்னால் இருக்கிற வாசனை கலையாது. காபி டம்ளரை மூக்குக்கிட்ட வைத்துக்கொண்டு நாம் மூச்சு விட்டால் ஆவி எதிர்ப்பக்கம் ஓடும், அவளுக்கு அந்தத் தொல்லை இல்லை. உள்ளே போகிற காற்றும் இரண்டாகப் பிரிகிறது. பெரும்பகுதி நுரையீரலுக்கு, எட்டில் ஒரு பங்கு போல மூக்கின் பின்கோடியில் வாசனைக்கென்றே இருக்கிற சுருள் சுருளான அறைகளுக்கு. 2010இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இந்தக் காற்றோட்டத்தைக் கணினியில் கணக்கிட்டுக் காட்டினார்கள். வாசனை உணரும் செல்கள் நமக்கு 50, 60 லட்சம் என்றால் நாய்க்கு 20, 30 கோடி.

இந்தக் கோடிக் கணக்கைக் கேட்டதும் ‘நமக்கெல்லாம் மூக்கே இல்லை’ என்று சொல்லிவிடுவது வழக்கம். அதில் எனக்குச் சம்மதமில்லை. மனிதனை மூக்கு மந்தமான பிராணிகளோடு சேர்த்துவிட்டுப் போனவர் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா. அது தப்பு என்று ஜான் மெக்கான் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2017இல் விரிவாக எழுதினார். 2007இல் வெளிவந்த இன்னொரு ஆய்வில், கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் கல்லூரிப் பிள்ளைகளின் கண்ணைக் கட்டி, காதை அடைத்து, புல்தரையில் சாக்லேட் வாசனையால் ஒரு கோடு போட்டுத் தவழவிட்டார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பேர் மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு கோட்டைப் பிடித்துப் போயிருக்கிறார்கள். அவ்வளவு ஏன், ஏப்ரலில் பெங்களூரின் முதல் மழை ஒயிட்ஃபீல்டு பக்கம் பெய்யும்போதே அல்சூரில் அப்பா ‘மண்வாசனை வருது, துணிய எடு’ என்பார். அந்த வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மின் என்ற வேதிப்பொருள், காற்றில் லட்சம் கோடியில் ஐந்தாறு பங்கு இருந்தாலே மனித மூக்குக்குத் தெரிந்துவிடும். மூக்கு நமக்கும் ஒழுங்காகத்தான் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடக்க வேண்டிய அவசியம் வந்ததில்லை, அவ்வளவுதான். தமிழில் மணம், வாடை, வீச்சம், கவிச்சி, மொச்சை, ஊசல், கருகல், முடை என்று எத்தனை சொல் வைத்திருக்கிறோம்! ஆனால் ‘மோப்பம் பிடிக்கிறான்’ என்றால் அடுத்தவர் விஷயத்தில் தலையிடுகிறான் என்று அர்த்தம். ‘நாற்றம்’ ஒருகாலத்தில் நறுமணத்துக்கும் பெயர், இன்றைக்கு அதை வாயில் எடுத்தாலே மூக்கைப் பொத்துகிறோம்.

ஐந்து நாள் மொட்டைமாடி

பெயின்ட் வேலை ஐந்து நாள். அப்பாவும் சுக்குவும் மொட்டைமாடி அறைக்குப் போனார்கள். அங்கே அவள் படுத்த இடத்தைவிட்டு அதிகம் நகரவில்லை. ‘கோவிச்சுக்கிட்டா போல’ என்றார் அப்பா. நாங்கள் கீழே மும்முரமாக இருந்தோம். சுவரைச் சுரண்டி, பட்டி பார்த்து, இரண்டு கை பெயின்ட். அதோடு விட்டோமா? மர நாற்காலிக்கு வார்னிஷ். திரைச்சீலை எல்லாம் சலவைக்கு. சமையலறை வாசலில் இருந்த ஃபிரிட்ஜை எதிர்ச் சுவருக்கு மாற்றினோம், சோபாவை ஜன்னல் பக்கம் திருப்பினோம். கடைசி நாள் தரையெல்லாம் எலுமிச்சை வாசனை லோஷன் போட்டு இரண்டு தடவை துடைத்தது. போகி வேறு வந்தது. வாசல் தேங்காய்நார் மிதியடி, கிழிந்த தலையணை, சுக்கு படுக்கிற பவானி ஜமுக்காளம் எல்லாம் மூட்டையாகிப் பால்கனிக்குப் போயின. புதுசாகப் பஞ்சு மெத்தை ஒன்று அவளுக்கென்றே வாங்கிப் போட்டோம். நல்லது செய்கிறோம் என்ற பெருமிதம் வேறு.

ஆறாம் நாள் காலை அவளைக் கீழே கொண்டுவந்தோம். வாசற்படியில் நின்றுவிட்டாள். ஒரு முன்னங்கால் உள்ளே, மற்றது அந்தரத்தில். நான் கூப்பிட்டதும் என் குரலை நோக்கி நேராக நடந்து வந்து ஃபிரிட்ஜில் மோதினாள். ‘டங்’ என்று சத்தம். நாங்கள் சிரித்தோம். இதை எழுத இஷ்டமில்லைதான், ஆனால் சிரித்தோம். அன்று மத்தியானம் தயிர்சாதத் தட்டு சத்தம் கேட்டும் அவள் சமையலறைக்கு வரவில்லை. சாயங்காலம் கூடத்தின் நடுவில் மூத்திரம் போய்விட்டாள். குட்டியில் விட்ட பழக்கம். மனைவிக்குக் கோபம், புதுத் தரை மாதிரி துடைத்து வைத்திருந்தாள். ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து வந்தேன். கதவுக்கும் சுவருக்கும் இடையில் உள்ள மூலையில், முகத்தைச் சுவருக்குக் காட்டிக்கொண்டு சுக்கு நின்றிருந்தாள். உட்காரவில்லை, படுக்கவில்லை. எவ்வளவு நேரமாக நின்றாளோ. தொட்டதும் உடம்பு தூக்கிப்போட்டது.

‘டேய், பெயின்ட் நாத்தம் அவளுக்கு ஒத்துக்கல. டாக்டர்ட்ட காட்டு’ என்றார் அப்பா. எனக்கும் அதுதான் பயம், ஏதாவது விஷமாகிவிட்டதோ என்று. மூன்று நாள் பார்த்துவிட்டு, நாலாம் நாள் ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போனேன்.

மருத்துவர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், ஈறைப் பார்த்தார், அப்புறம் அறை விளக்கை அணைத்துவிட்டுக் கண்ணில் டார்ச் அடித்தார். அடித்துக்கொண்டே இருந்தார். விளக்கைப் போட்டுவிட்டு, கையை விரித்து அவள் முகத்துக்கு நேராகச் சட்டென்று கொண்டுவந்தார். அவள் இமைக்கவில்லை. பிறகு மேஜையில் இருந்த பஞ்சு உருண்டை ஒன்றை எடுத்து, அவள் முகத்துக்கு ஓரடி முன்னால் உயரத்தில் பிடித்து விட்டார். பஞ்சு மெதுவாக விழுந்தது. பஞ்சு விழுந்தால் சத்தம் கேட்காது, காற்று அசையாது. சுக்கு அசையாமல் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஞ்சு அவள் கால் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. இன்னொன்றை எடுத்து இடப்பக்கம் விட்டார். அதுவும் விழுந்தது. நான் இரண்டு பஞ்சையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

‘எத்தனை மாசமா இப்படி?’ என்று கேட்டார்.

‘நாலு நாளா சார்.’

அவர் இல்லை என்று தலையசைத்தார். விழித்திரை படிப்படியாகத் தேய்கிற பரம்பரை நோய் இது என்றார்; லாப்ரடார் மாதிரிச் சில ஜாதிகளில் அதிகம் பார்ப்பது. மங்கல் வெளிச்சத்தில் பார்க்க உதவுகிற செல்கள் முதலில் போகும், அப்புறம் பகல் பார்வை. வலி கிடையாது. மருந்தும் கிடையாது. ‘ஒரே நாளில் போனதில்லை. சுத்தமாகப் பார்வை போயே ஆறு மாதமாவது ஆகியிருக்கும்’ என்றார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் நான் ஒன்றும் பேசவில்லை. ஆனால் அவள் வழிமுழுக்க என் உள்ளங்கையில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டே வந்தாள். பதற்றத்தில் இருக்கிறவரின் வேர்வையையும் மூச்சையும், அதே ஆள் நிதானமாக இருந்தபோது எடுத்த மாதிரியிலிருந்து நாயால் பிரித்துச் சொல்ல முடியும் என்று 2022இல் அதே பெல்ஃபாஸ்ட் பல்கலைக்கழகத்தில் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். 36 பேர், 4 நாய்கள்; நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்றுக்கு மேல் சரி. என் கையில் அன்றைக்கு என்ன வாடை அடித்ததோ.

ஆறு மாதம்

வீட்டுக்கு வந்து எல்லாரும் உட்கார்ந்து பழசைக் கிளற ஆரம்பித்தோம். தீபாவளிக்கு முன்பிருந்தே ராத்திரி மாடிப்படி இறங்கத் தயங்கினாள், ‘வயசாயிடுச்சு’ என்றோம். பந்து எறிந்தால் ஓடமாட்டேன் என்றாள், ‘சோம்பேறி’ என்றோம். அவளுக்குச் சிவப்புப் பந்துதான் வாங்குவோம். அது புல்லில் கிடந்தால் கண் நன்றாக இருந்த காலத்திலேயே சுற்றிச் சுற்றித் தேடுவாள். நாய்க் கண்ணில் நிறம் உணரும் செல்கள் இரண்டே வகை என்று 1989இலேயே கலிஃபோர்னியாவில் அளந்து சொல்லிவிட்டார்கள். நீலமும் மஞ்சளும் தெரியும், சிவப்பும் பச்சையும் ஒரே மாதிரிதான் தெரியும். அதற்கும் சேர்த்து அவளை மக்கு என்று சொல்லியிருக்கிறோம். நடையில் என் இடது கெண்டைக்காலில் உரசிக்கொண்டே வருவாள்; பாசம் என்று பூரித்தேன். கொடுமை என்னவென்றால், கைபேசியில் எடுத்த படங்களில் அவள் கண் முன்பைவிடப் பளபளவென்று மின்னியது. ‘என்ன அழகு பாருங்க’ என்று குடும்பக் குழுவில் போட்டிருந்தேன். அந்த நோயில் கண்மணி விரிந்தே இருக்கும், உள்ளே வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் படலம் அதிகமாக மின்னும். அழகு என்று நான் போட்டது அறிகுறியை.

ஆக, ஆறு மாதம் கண் தெரியாத நாய் ஒன்று எங்களோடு குடித்தனம் நடத்தியிருக்கிறது. ஒரு தட்டுமுட்டுச் சாமானில் மோதாமல், சாப்பாட்டு வேளை தவறாமல், யார் வந்தாலும் வாசலுக்கு வந்து வாலாட்டி. அவளுக்குக் கண் போனது எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

எப்படி முடிந்தது என்று தேடிக்கொண்டே இருந்தபோது 2022இல் வந்த கார்னெல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று கண்ணில் பட்டது. 23 நாய்களின் மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். மூக்கிலிருந்து வரும் செய்தியை வாங்கும் பகுதியிலிருந்து, மூளையின் பின்பக்கத்தில் பார்வைக்கான பகுதிக்கு நேராகவே ஒரு நரம்புக் கற்றை போகிறது. அதற்குமுன் வேறெந்தப் பிராணியிலும் அப்படியொரு இணைப்பைக் கண்டதாகப் பதிவு இல்லை. கண் தெரியாத நாய்கள் எப்படி இவ்வளவு சமாளிக்கின்றன, பந்துகூட எடுத்து வருகின்றன என்பதற்கு இது காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். வாசனையை வைத்து அவள் இடத்தைத் தெரிந்துகொள்கிறாள் என்று நான் சொல்வது, கொஞ்சம் நேர்ப்பொருளிலேயே உண்மை போலிருக்கிறது. அப்பாவிடம் சொன்னேன். அவர் தமிழ் படித்தவர். தொல்காப்பியம் மரபியலில் உயிர்களுக்குப் படி வைத்திருக்கிறதே, தொட்டறிவது முதல் படி, நாக்கு இரண்டு, மூக்கு மூன்று, கண் நான்கு, செவி ஐந்து, மனம் ஆறு என்று. கறையானும் எறும்பும் மூன்றாம் படியோடு நின்றுவிடும். ‘இவ நாலாம் படிய விட்டுட்டு மூணாம் படியில நின்னுக்கிட்டே குடும்பம் நடத்தியிருக்காடா’ என்றார். கொஞ்ச நேரம் கழித்து, ‘நாமதான் அந்தப் படியையும் பேத்துட்டோம்’ என்றார்.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கூடத்தில் விளக்குப் போடாமல் உட்கார்ந்து, பெயின்டுக்கு முந்தைய வீட்டை மூக்கால் நினைவுபடுத்திப் பார்த்தேன். வாசலில் மிதியடி, எங்கள் நாலு பேர் செருப்பு. இடது பக்கம் பூஜை மாடம், கற்பூரமும் விபூதியும். சமையலறை நிலைப்படியில் பெருங்காயம். அதன் பக்கத்தில் ஃபிரிட்ஜின் உறுமல், அது ஒரு மணிக்கூண்டு மாதிரி. ஜன்னலோரம் அவளுடைய ஜமுக்காளம். இந்த எல்லாவற்றுக்கும் நடுவில், அப்பாவின் நாற்காலியும் அதன் பின்னால் பதினோரு வருடத் தேங்காய் எண்ணெயும். சுக்கு தினமும் தூங்கி எழுந்ததும் நேராக அங்கே போய், மூக்கைத் தூக்கி ஒரு நிமிஷம் நிற்பாள். பிறகுதான் திரும்பித் தண்ணீர்ச் சட்டிக்குப் போவாள். அப்பா இருந்தாலும் இல்லாவிட்டாலும். இதை எட்டு வருடமாகப் பார்த்திருக்கிறேன். அப்பாவைத் தேடுகிறாள் என்று நினைத்திருந்தேன். திசை பார்த்திருக்கிறாள் என்று இப்போது தோன்றுகிறது. கப்பலுக்குக் கலங்கரை விளக்கம் போல. இதற்கு எந்தப் பல்கலைக்கழகச் சான்றும் கிடையாது, என் ஊகம்தான். சாமான்களை இடம் மாற்றியதே போதும், பெயின்டைச் சொல்வானேன் என்று மேல்வீட்டுக்காரர் வாதாடினார். இருக்கலாம். சாமான் இடம் மாறியிருந்தாலும் வாசனை மாறாமல் இருந்திருந்தால் அவள் தேடிப் பிடித்திருப்பாள் என்பது என் கட்சி. அந்த வீட்டில் அவளுக்குத் தெரிந்த வாசனை என்று மிச்சம் இருந்தது நாங்கள் மட்டும்தான், நாங்களும் நகர்ந்துகொண்டே இருந்தோம்.

காலையில் பால்கனிக்குப் போய் மூட்டையைப் பிரித்தேன். குப்பை வண்டிக்குப் போடுவதாக இருந்ததை, வண்டி இரண்டு நாள் வராததால் போடவில்லை. பெங்களூரில் குப்பை வண்டி வராததற்கு நான் நன்றி சொன்னது அந்த ஒரு முறைதான். ஜமுக்காளத்தை உதறாமல் அப்படியே தூக்கி வந்தேன்; முடி, காய்ந்த எச்சில், எப்போதோ கொட்டிய சாம்பார், ஒரு மழைநாளின் ஈர வாடை. சோபாவைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிட்டு, ஜன்னலோரம் விரித்தேன். சுக்கு கதவு மூலையில்தான் நின்றிருந்தாள். முதலில் காது அசைந்தது. பிறகு மூக்கு. தலையை உயர்த்தாமல் மூக்கை மட்டும் இடமும் வலமுமாகத் திருப்பினாள். மூக்குநுனி ஈரம் ஜன்னல் வெளிச்சத்தில் தெரிந்தது. ஒரு அடி வைத்தாள். நின்றாள். இன்னும் இரண்டு அடி. கூடத்தின் குறுக்கே, சுவரைத் தொடாமல், நாலு நாளில் முதல் தடவையாக நடுவில் நடந்து வந்தாள். ஜமுக்காளத்தின் ஓரம் மீசை முடியில் பட்டதும் முகத்தை அப்படியே அதில் புதைத்தாள். மூன்று சுற்று சுற்றிவிட்டுத் தொப்பென்று விழுந்து, மறுநாள் காலை வரை தூங்கினாள். பக்கத்தில் வார்னிஷ் வாடையோடு அப்பாவும் நாற்காலியில் தூங்கினார்.

அறுபது மீட்டர்

ஃபிரிட்ஜ் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. எலுமிச்சை லோஷன் போய்விட்டது, இப்போது வெறும் தண்ணீர்தான். புது மெத்தையை மேல்வீட்டுப் பூனைக்குக் கொடுத்தோம். காலை நடையில் கைபேசியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறேன். திருவள்ளுவரை ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்க்கிறோம். மற்ற நாளில் முக்கால் மணி நேரத்தில் கேட்டிலிருந்து பூக்கடை முக்கு வரை போய்த் திரும்புகிறோம். அறுபது மீட்டர் இருக்கும்.

கூடவே நிற்பது ஒன்றும் சுலபமில்லை. ஒரு ஸ்கூட்டர் சக்கரத்தை அவள் நாலு நிமிஷம் முகர்ந்தால், நமக்கு அந்த நாலு நிமிஷம் செய்ய ஒன்றும் இருக்காது. அமெரிக்காவில் மார்க் பெக்காஃப் என்ற விலங்கியல் பேராசிரியர் ஐந்து குளிர்காலம், தன் நாய் ஜெத்ரோவோடு நடக்கும்போது, மூத்திரத்தால் மஞ்சளான பனியைக் கையால் அள்ளி வேறு இடத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். தன்னுடையது என்றால் ஜெத்ரோ சீக்கிரம் தாண்டிவிடும், மற்ற நாயுடையது என்றால் நின்று முகரும். இதை 2001இல் வெளியிட்டார். வழியில் போனவர்கள் அவரைப் பற்றி என்ன நினைத்திருப்பார்கள் என்று எனக்கு இப்போது தெரியும். பூக்கடை அக்கா ஒருநாள் கேட்டேவிட்டார்: ‘இன்னா சார், தெனம் அங்கியே நிக்கிறே, எதனா தொலைச்சிட்டியா?’

பார்வை இல்லாத நாயை நிற்கவிட்டால் போதும், சந்தோஷமாக இருக்கும் என்றெல்லாம் நான் சொல்லவரவில்லை. முகரவிடுவது நாயின் மனநிலையை மாற்றுகிறது என்று 2019இல் ஒரு ஆய்வு வந்தது. இரண்டு வாரம் வாசனை தேடும் விளையாட்டில் ஈடுபட்ட நாய்கள், சோறு இருக்குமோ இருக்காதோ என்று தெரியாத கிண்ணத்தை நோக்கி முன்பைவிட வேகமாக ஓடின. சொன்னபடி காலோடு ஒட்டி நடக்கும் பயிற்சி எடுத்த நாய்களிடம் அந்த மாற்றம் இல்லை. சுக்கு எட்டு வருடம் இரண்டாவது வகையில் இருந்தவள். இப்போதும் வண்டி ஹார்ன் அடித்தால் நடுங்குகிறாள், படி இறங்கும்போது என் குரல் வேண்டும். ஆனால் பூக்கடை வாசலில், ராத்திரி கொட்டிய வாடின சாமந்தியில் மூக்கை வைத்து, நாலடி முன்னால் போய், நாலடி பின்னால் வந்து, யாரோ ஒருவர் ஏரிப் பக்கம்தான் போனார் என்று முடிவு செய்து அந்தத் திசையில் நிமிரும்போது, அவளுக்குக் கண் தெரியாது என்று யாரும் நம்பமாட்டார்கள்.

பெயின்ட் அடித்த புதிதில் மனைவி அப்பாவிடம் கேட்டுக்கொண்டாள்: ‘மாமா, தலைக்கு ஒரு துண்டு போட்டுக்கிட்டுச் சாஞ்சுக்கோங்க.’ அவரும் போட்டுக்கொண்டார். மருத்துவரிடம் போய்வந்த மறுநாள் அந்தத் துண்டைக் காணோம். யார் எடுத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. இந்த ஆடியில் சுவரில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு லேசாக ஏதோ பளபளத்தது. போன வாரம் பார்த்தேன், ஒரு உளுந்து வடை அளவு இருக்கிறது. சுக்கு காலையில் எழுந்து அங்கே போய் மூக்கைத் தூக்கி நின்றாள், அப்புறம் திரும்பித் தண்ணீர்ச் சட்டிக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை மனைவியின் தம்பி மாமியார் வீட்டாரோடு வந்தான். மனைவி காலண்டரைக் கையில் எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து சுவரைப் பார்த்தாள். பழைய ஆணியைப் பிடுங்கி, பெயின்டர் அந்த ஓட்டையை அடைத்துவிட்டுப் போயிருந்தார். ஒரு நிமிஷம் நின்றாள், பிறகு காலண்டரைக் கட்டிலடியில் வைத்துவிட்டுக் காபி போடப் போனாள்.